மண் சரிந்து வாகனம் புதைந்தால் தேர்ட் பார்ட்டி பணம் தராது

மழை பிடித்துவிட்டால் இலங்கை மலையகத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கிவிடும்: "வரி அனுமதிப்பத்திரம் எடுக்கக் காட்டிய இன்சூரன்சே போதும், மண்சரிவில் வாகனம் போனாலும் காசு வரும்."

இது தவறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 'தேர்ட் பார்ட்டி' எனப்படும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். ரதல்ல இறக்கத்தில் உங்கள் வான் பிரேக் பிடிக்காமல் எதிரே வந்த ஓட்டோவை இடித்தால், காயம்பட்டவருக்கு அது நட்டஈடு கொடுக்கும். நசுங்கிய உங்கள் வானுக்கு ஒரு சதமும் வராது. மண்மேடு சரிந்து விழுந்தாலும் அப்படியே.

சொந்த வாகனத்துக்கும் பணம் வேண்டுமென்றால் முழுக் காப்புறுதி, நம்மவர் பேச்சில் 'ஃபுல் இன்சூரன்ஸ்', எடுத்திருக்க வேண்டும். பெயரைப் பார்த்து அதிலும் ஏமாறக்கூடாது. வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் சில ஒப்பந்தங்களில் மேலதிகக் கட்டணத்துக்குத்தான் சேரும். கண்ணாடியில் ஒட்டும் துண்டில் இதெல்லாம் இருக்காது. வீட்டு அலுமாரியில் யாரும் பிரிக்காமல் கிடக்கும் அந்தத் தடித்த கடிதவுறைக்குள் இருக்கும் ஒப்பந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

அதே தாளில் 'பாவனை' என்றொரு வரியும் உண்டு. தனியார் பாவனை என்று எழுதிவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைக் காசுக்குப் பாடசாலைக்கு ஏற்றினால், ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். குரல்பதிவு அனுப்புகிறவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை.