‘இருந்த நாட்கள் போதும்’ என்பது வெற்றியா?

திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட ஓர் ஊழியரின் மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த அன்று, வழக்கறிஞரான நான் என் வழக்கு அழைக்கப்படக் காத்திருந்து, முழு வாதத்தையும் கேட்டேன். அவர் கிடங்குப் பொறுப்பாளர். இருப்புப் பதிவேட்டுக்கும் கையிருப்புக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 381-ஆம் பிரிவில், அதாவது வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடிய குற்றத்துக்காக, நடுவர் நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்திருந்தது.

அவருடைய வழக்கறிஞர் முக்கால் மணி நேரம் வாதாடினார். மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதும் பதிவு) சாட்சி பிறழ்ந்தது, பதிவேட்டை எழுதியவரே விசாரிக்கப்படாதது என்று ஒன்றையும் விடவில்லை. நல்ல உழைப்பு. தண்டனையைப் பற்றி மட்டும், உட்காரப் போகும்போது ஒரே ஒரு வாக்கியம்: “குடும்பஸ்தர், கருணை காட்ட வேண்டும்.”

குற்றம் உறுதி செய்யப்பட்டது. தண்டனை, அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த 23 நாட்களாகக் குறைக்கப்பட்டது. வராந்தாவில் அவர் மனைவி வழக்கறிஞரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் ஜெயித்த முகத்தோடு படியிறங்கினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவரைக் கண்டித்து விட்டுவிடலாம் என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று எண்களை எழுதும்போது 379, 380 ஆகியவற்றோடு 381-ஐயும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் திருடியவரையும் முதல் தடவை என்றால் சிறைக்கு அனுப்பாமல் விடலாம் என்பது யாரோ ஒரு நீதிபதியின் இளகிய மனம் அல்ல. நாடாளுமன்றம் யோசித்து எழுதிய சட்டம். 4-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை ஒழுங்காக நடப்பேன் என்ற நன்னடத்தைப் பிணையை எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். குற்றம் செய்தவருக்கு 21 வயது ஆகவில்லை என்றால், சிறைக்கு அனுப்பக் காரணம் எழுதியாக வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. இந்த அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 11-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 12-ஆம் பிரிவு. 3 அல்லது 4-இன் கீழ் விடுவிக்கப்பட்டவரை, அந்தத் தீர்ப்பின் காரணமாகச் சட்டம் விதிக்கும் தகுதியிழப்பு தொடாது. ‘இருந்த நாட்கள் போதும்’ என்ற தீர்ப்பில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 23 நாளானாலும் ஓராண்டானாலும் அவர் தண்டனை பெற்றவரே. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. திருட்டு அந்த வகைதான். பழைய முதலாளி வேலைநீக்கம் செய்வதை 12-ஆம் பிரிவு தடுக்காது என்பது உண்மை; உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. அடுத்த வாசல்கள் சில திறந்திருக்கும், அவ்வளவுதான். பிழைக்க அது போதும்.

“திருடவே இல்லை என்று வாதாடிவிட்டு, மன்னித்துவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?” என்று மூத்த வழக்கறிஞர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டமே இரண்டு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேல்முறையீட்டு மனுவிலும் அது மாற்றுக் கோரிக்கையாக இருக்கலாம். குற்றவாளி தொடுத்த மேல்முறையீட்டில், அரசுத் தரப்பு தனியாகக் கேட்காதவரை, தண்டனையைக் கூட்டவும் முடியாது. பிறகு எதற்குத் தயக்கம்?

பொருளை இழந்த முதலாளியின் வயிற்றெரிச்சலை நான் சின்னதாக நினைக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்தவருக்கு ஏற்படும் வலி வேறு. அவருக்கு இழப்பீடு கொடுக்க வைக்கவும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 23 நாள் சிறையால் அவருக்கு ஒரு காசு திரும்பி வரவில்லை. பொய்க் கணக்கு எழுதி வருடக்கணக்கில் சுரண்டியவருக்காக நான் இப்படிக் கேட்கமாட்டேன்.

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்பது இன்னும் அவசரமாகிவிட்டது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை போதும் என்று 303-ஆம் பிரிவில் இருக்கிறது. ஊழியர் திருட்டுக்கான 306-இல் அந்தச் சலுகை எழுதப்படவில்லை. ஏழாண்டு வரை சிறை அப்படியே தொடர்கிறது. ஊழியருக்கு நன்னடத்தைச் சட்டம்தான் மிச்சமிருக்கும் கதவு. அதையும் வழக்கறிஞர் தட்டவில்லை என்றால் வேறு யார் தட்டுவார்?

நான்காவது மாதம் அந்தக் கிடங்குப் பொறுப்பாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு வேலை விண்ணப்பம். ‘எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா?’ என்ற வரிக்கு எதிரே இருந்த கட்டத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, காகிதமே தேய்ந்திருந்தது. “23 நாள்தானே ஐயா, இல்லை என்று போட்டால் தப்பா?” என்றார். தப்பு என்று சொன்னேன். அமர்வு நீதிமன்றத் தீர்ப்பைச் சரிபார்க்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட 90 நாள் கெடு, அது கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்திருக்கிறோம். இந்த முறை நன்னடத்தைக் கோரிக்கையை முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.