ஆமாம், மரத்துக்கு ஆதார் கேட்டவன் நான்தான்

நம் பழைய மர வியாபாரிகள் கூட்டத்தில் எடுத்த அந்த வீடியோவில் முதுகு மட்டும் தெரிகிற ஆள் நான்தான். நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள், பார்த்துவிட்டேன், போதும். "மரத்துக்கும் ஆதார் கார்டு எடுக்கணுமாப்பா?" என்று மேடையில் இருந்தவர் கேட்டதும் மண்டபமே சிரித்தது. எனக்கு வேண்டியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். சரி, இருக்கட்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் மரத்தைப் பழைய பர்மா தேக்கு என்று போர்டு வைத்து விற்கிறோமே, அது எந்த வீட்டிலிருந்து இறங்கியது என்று பில்லில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மரம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாமல் போன மாதம் நின்றுபோன ஏற்றுமதிக் கண்டெய்னர் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் என் கதவுகளும் இருந்தன. என் கதவுகளுக்கு, எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்த நோட்டு இருக்கிறது, போட்டோ இருக்கிறது. பக்கத்தில் அடுக்கியிருந்த தூண்களுக்கு ஒன்றுமில்லை. நிறுத்தினால் கண்டெய்னர் மொத்தமாகத்தான் நிற்கும்.

வெளிநாட்டில் வாங்குகிறவன் இதை வீம்புக்குக் கேட்கவில்லை. திருட்டு மரமில்லை என்று முதலில் இறக்குமதி செய்கிறவன் விசாரித்து வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2013-லேயே சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை கேட்கிற புதுச் சட்டம் 2023-ல் வந்தது. அமலாக்கத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார்கள். அப்படியே போய்விடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம். அமெரிக்காவில், திருட்டுத்தனமாகப் பிடித்த விலங்குகளின் வியாபாரத்தைத் தடுக்கிற லேசி சட்டத்துக்குள் மரத்தை 2008-லேயே கொண்டுவந்தாகிவிட்டது. தாவரப் பெயர், வெட்டிய நாடு இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ரஷ்யாவில் திருட்டுத்தனமாக வெட்டிய ஓக், சீனாவில் தரைப்பலகையாகி வந்ததை வாங்கி விற்ற லம்பர் லிக்விடேட்டர்ஸ் கம்பெனி 2016-ல் 1.3 கோடி டாலருக்கு மேல் அழுதது.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன், சொல்லவிடவில்லை. ஆயுள் முடிந்து கழிவாகப் போக வேண்டிய மரத்தை எடுத்து அதிலேயே முழுக்கச் செய்த பொருளுக்கு ஐரோப்பாவில் விலக்கு உண்டு. செட்டிநாட்டுக்காகவே எழுதி வைத்த விதி! ஆனால் பழைய மரம்தான் என்று காட்ட வேண்டுமே. எதை வைத்துக் காட்டுவது? நம் முகத்தையா?

பர்மாவிலிருந்து முழுக்கட்டை ஏற்றுமதியை 2014 ஏப்ரலில் தடை செய்துவிட்டார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2021-ல், அங்குள்ள அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டன. இந்தியா போடவில்லை. இங்கே அந்த மரத்தை வாங்குவது குற்றம் என்று நான் சொன்னேனா? புதுக்கட்டையை அறுத்து, சாயம் ஏற்றி, ஆணி ஓட்டை போட்டு, நூறு வருஷத்துத் தூண் என்று எழுதி அனுப்பாதீர்கள் என்றேன். தூத்துக்குடியில் இறங்குகிற கானா தேக்குக்கும் ஈக்வடார் தேக்குக்கும் அதேதான். அந்தந்தப் பெயரிலேயே விற்றுவிட்டுப் போங்களேன்.

நோட்டுப் பழக்கம் வெள்ளைக்காரன் சொல்லி வந்ததில்லை. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாம் கட்டுப் பகுதியை மட்டும் பிரித்தார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். ஒரு ஆச்சி மட்டும் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, எந்தத் தூண் எங்க நின்னதுன்னு எழுதிட்டு எடு" என்றார். சாக்பீஸால் தூணில் எழுதி, அப்புறம் நோட்டிலும் எழுதினேன். உத்திரத்தை இறக்கினபோது, சுவருக்குள் புதைந்திருந்த முனையில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தால், சுத்தியலால் அடித்த முத்திரை: ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். பர்மாவில் கட்டையை ஆற்றில் விடுவதற்கு முன்னால் அப்படி அடிப்பார்கள், எவன் கட்டை என்று தெரிய வேண்டுமே. ஆதார் கார்டு அப்போதே இருந்திருக்கிறது அண்ணே.

"பர்மாக் காட்டை மொட்டையடித்தவனே வெள்ளைக்காரன்தான், அவன் நமக்குப் பாடம் எடுப்பதா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனால் ஒரு கதை சொல்கிறேன். 1885-ல், பாம்பே பர்மா என்ற ஆங்கிலேய மரக் கம்பெனி கணக்கில் காட்டாமல் கட்டைகளைக் கொண்டுபோகிறது என்று பர்மாவின் கடைசி மன்னர் திபாவின் அவை பெரிய அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்தார்கள். ராஜாவை ரத்னகிரியில் கொண்டுவந்து வைத்தார்கள், அங்கேயே செத்தார். ஆக, கட்டைக்குக் கணக்குக் கேட்டது ராஜா. கேட்டதும் கோபப்பட்டது கம்பெனிக்காரன். மண்டபத்தில் சிரித்தவர்கள் யார் பக்கம்?

"சின்ன வியாபாரி என்ன செய்வான்?" போன் இருக்கிறதா? பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடு. காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று காட்டுகிற எஃப்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கச் சொல்லவில்லை, அதற்கு ஆகிற செலவு எனக்கும் தெரியும்.

"நம்ம பாட்டன் காலத்துல யார் கேட்டா?" இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ரங்கூனில் கடை வைத்து, காலணா பிசகாமல் ஐந்தொகை என்கிற வரவு செலவுக் கணக்கை எழுதி ஊருக்கு அனுப்பிய மண்ணில் நின்றுகொண்டு, கணக்கு எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

உண்மையில் எனக்கு ஐரோப்பாவும் பெரிசில்லை, சட்டமும் பெரிசில்லை. மலேசியாவிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். தன் ஐயா வீட்டு நிலைக்கதவைத் தேடிக்கொண்டு முனீஸ்வரன் கோவில் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினார். மேலே கஜலட்சுமி, யானையின் ஒரு தும்பிக்கை உடைந்திருக்கும் என்று அடையாளம் சொன்னார். அந்த வீட்டு மரம் காரைக்குடிக்குத்தான் வந்தது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. வெயிலில் வரிசையாகச் சாத்தி வைத்த கதவுகளில் எதற்கும் ஊர் இல்லை, வீடு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், செட்டிநாட்டுக் கதவு. அவர் காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குத்தான் அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

என்னை வெளிநாட்டுக்காரனின் ஏஜெண்ட் என்று எழுதிய தம்பிக்கு: கமிஷன் எவ்வளவு என்று நீயே விசாரித்துச் சொல்லு, நானும் தெரிந்துகொள்கிறேன்.

கண்டெய்னர் நின்றதற்கான தாமதக் கட்டணத்தில் (டெமரேஜ்) என் பங்கைக் கட்டச் சொல்லி இன்று காலை மெசேஜ் வந்திருக்கிறது. கட்ட மாட்டேன். என் கதவுகளின் நோட்டுப் பக்கங்களை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். தூண் போட்டவர்கள் அவரவர் பக்கத்தைப் போடட்டும், அப்புறம் பங்கு பேசலாம்.