கம்பத்தில் ஆன்டெனா வைக்க அனுமதி தேவையில்லையா?

“சேலத்துத் தெருக்கம்பங்களில் செல்போன் நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் ஆன்டெனா மாட்டலாம், சட்டமே அப்படி மாறிவிட்டது” என்ற வாட்ஸ்அப் தகவல் அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் சுற்றி வருகிறது. இது தவறு.

குழப்பம் எங்கே பிறந்தது என்று ஊகிக்க முடிகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பிறர் இடத்தில் கம்பி, கோபுரம் போன்றவற்றை அமைப்பதற்கான வழியுரிமை விதிகளை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு திருத்தியபோது, தனியார் கட்டடத்தில் கோபுரமோ கம்பமோ அமைக்க அரசு அமைப்பின் அனுமதி வேண்டாம், முன்கூட்டி எழுத்துமூலம் தெரிவித்தால் போதும் என்றது. அந்த ஒரு வரியைப் பிய்த்தெடுத்துத் தெருக்கம்பத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். தெருக்கம்பத்துக்கு அதே திருத்தம் வேறு வழி வைத்தது: கம்பம் யாருடையதோ, மின்வாரியமோ மாநகராட்சியோ, அவர்களிடம் விண்ணப்பித்தாக வேண்டும். நகர்ப்புறத்தில் கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமப்புறத்தில் 150 ரூபாய் கட்டணமும் குறிக்கப்பட்டது. 2025 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. பொது இடத்துக்கு அனுமதி பெற வேண்டும் என்பது அவற்றிலும் அப்படியே இருக்கிறது.

“கம்பத்துப் பெட்டியும் பெரிய கோபுரமும் ஒன்றுதான்” என்பதும் சரியல்ல. கம்பத்தில் மாட்டும் இந்தச் சிறிய ஆன்டெனாப் பெட்டியை விதிகள் குறைந்த திறன் கொண்ட கருவி என்றே வரையறுக்கின்றன.

உங்கள் வாசலில் புதிய பெட்டி முளைத்தால், பதறாமல் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ அனுமதி விவரத்தை எழுத்துமூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.