அந்த அலமாரியைத் திறந்து விடுங்கள்

நேற்றைய பதிவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும்: பி.ஏ. தமிழ் இலக்கியம் படிக்கும் என் அண்ணன் மகளைக் கடலூர் லைப்ரரியில் புத்தக அலமாரிகள் பக்கம் விடாமல் வெளியிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். கீழே வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை. "நோட்ஸ் இருக்கு, பி.ஏ. பிள்ளைக்கு லைப்ரரி உள்ளே என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேலை இருக்கிறது சார்.

என் அண்ணன் மகள் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனின் இரண்டு அகலிகைக் கதைகள். ஆரம்பகாலத்தில் எழுதிய 'அகல்யை'யில் அவள் கணவன் கோதமன் மன்னித்துவிடுகிறான். 1943இல் வந்த 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். சில வருஷத்துக்குள் அந்த மனுஷன் ஏன் இவ்வளவு தூரம் போனார் என்பது அவள் கேள்வி. யாரும் சொல்லிக் கொடுத்த கேள்வி இல்லை, அவளே யோசித்தது.

லைப்ரரி கவுன்ட்டரில் அவளிடம் சொன்னது, "புத்தகத்தோட பேரைச் சொல்லு, எடுத்துத் தர்றேன்."

எந்தப் புத்தகம் என்று தெரிந்திருந்தால் அவள் ஏன் தேட வேண்டும்? தேடுகிறவளுக்குப் பெயர் தெரியாது. முதுகில் தமிழ் இலக்கியத்துக்கான நூலக எண் 894.811 என்று சீட்டு ஒட்டிய வரிசைக்கு முன்னால் நின்று, ஒன்றை உருவி, பொருளடக்கம் பார்த்து, வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை எடுத்தால்தான் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தொண்ணூறுகளில் நானும் இதே கடலூரில்தான் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு உதவியாளர் அண்ணன், "சீக்கிரம் பார்த்துட்டு வந்துடும்மா" என்று தடுப்பைத் தூக்கி உள்ளே விட்டார். தேடிப்போனது கிடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் பைண்டு கிழிந்த ஒரு விமர்சனத் தொகுப்பு இருந்தது. கடைசிப் பக்கத் தேதிச் சீட்டில் ஊதா மையில் நாலே முத்திரைகள். உள்ளே ஒரு பத்திக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் "இல்லை, இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அச்சில் வந்ததை மறுத்துப் பேசலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன்.

"கதை இணையத்திலேயே கிடைக்குதே" என்கிறீர்கள். சரி, கிடைக்கிறது. கதையைப் பற்றிப் பழைய ஆட்கள் எழுதிய கட்டுரைகள் அத்தனையும் கிடைக்கிறதா? ஆள் பற்றாக்குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பிள்ளைகள் திருடிவிடுவார்கள்" என்று எழுதினீர்களே, அதுதான் வலிக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் ஒரு புத்தகம் கேட்டால் உங்களுக்கு முதலில் தோன்றுவது திருட்டா? பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று 1931இலேயே நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் முதல் விதியாக எழுதி வைத்தார். அலமாரிகளைத் திறந்துவிடச் சொன்னவரும் அவர்தான்.

புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது இதே கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். அவர் பிறந்த ஊரில், அவரைப் பற்றிய புத்தகங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் பிள்ளை. தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளை என்றாலே ஒரு இளக்காரம், அது எனக்கும் நடந்தது, இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அழக்கூட இல்லை. "தலைப்பை மாத்திக்கவா அத்தை?" என்று கேட்டாள்.

மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாரிடமாவது புதுமைப்பித்தன் பற்றிய பழைய விமர்சனத் தொகுப்புகள் இருந்தால் சொல்லுங்கள். நானே பஸ் ஏறி வந்து, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அவளைக் குறிப்பெடுக்க வைத்து, கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன்.