பத்து நிமிடப் பதிவு போதுமா?
ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிய மதிப்பீட்டுக் கட்டுரையில், பத்து நிமிடப் பதிவு தெளிவாக இருந்ததைக் கொண்டே அதை நம்பலாம் என்று கட்டுரையாளர் முடிவு செய்திருப்பதை ஏற்க இயலவில்லை. அது ஒலித்தரத்துக்கான சோதனை மட்டுமே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஸ்டீரியோ வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடம் பிடிக்கும். நினைவக அட்டையில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது என்பதால், நான்கு மணி நேரத்தை ஒட்டியாவது கருவி அடுத்த கோப்பைத் தொடங்கியாக வேண்டும். தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளுடன் நடந்து பதிவு செய்பவருக்கு, ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இணைப்பில் ஒரு 'வேல் வேல்' முழக்கமாவது விழுங்கப்படுகிறதா என்பதே கேள்வி. (உறையின் நிறத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியவர் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.) பதிவின் நடுவே மின்கலத்தைக் கழற்றியும் பார்க்க வேண்டும்: தலைப்புத் தகவல் (கோப்பின் தொடக்கத்தில் அதன் வகை, நீளம் ஆகியவற்றைச் சொல்லும் பகுதி) முழுமையாக எழுதப்படாத கோப்பைச் சில கருவிகள் மறுபடி இயக்கும்போது தாமே சரிசெய்துவிடும்; சிலவற்றில் அந்தக் கோப்பு திறக்கவே திறக்காது.