பிரமிடு ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு

சனிக்கிழமை மேட்சில் நம் சியர்லீடிங் பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கிற பிரமிடு போடாமலே ஆடி முடித்தது இங்கே பலருக்கும் தெரியும். அந்த வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். "இதுக்கா இவ்வளவு நாள் பிராக்டிஸ்? ஸ்கூல் டிரில் மாதிரி இருக்கு" என்று அதன் கீழே நம் பழைய மாணவர் அண்ணன் ஒருவர் எழுத, ஏகப்பட்ட பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள். பேசாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். பிரமிடு வேண்டாம் என்றது அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், பிள்ளைகளை விடுங்கள்.

புது சியர்லீடிங் டீம், சீசனின் முதல் மேட்ச். இந்த நேரத்தில் ஒரு டீம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏறுவதை அல்ல, பிடிப்பதை. மேலே நிற்கிற ஃப்ளையரை எல்லாரும் பார்க்கிறீர்கள். கீழே அவள் பாதத்தைத் தாங்க இரண்டு பேஸ், பின்னால் ஒரு பேக் ஸ்பாட். அவள் எப்படி விழுந்தாலும் தலையும் கழுத்தும் தரையில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பேக் ஸ்பாட்டின் முதல் வேலை. மூன்று பேரின் கண்ணும் அவளை விட்டு நகரக் கூடாது. கைதட்டல் கேட்டதும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிற பேஸ் ஒருத்தி இருந்தால் போதும், கதை முடிந்தது. முதலில் தரையில் எட்டு எண்ணிக்கைக்கு அசைவு. அப்புறம் தொடைமேல் ஏறி நிற்பது. அது ஆட்டமில்லாமல் வந்தால் தோள் உயரம். தலைக்கு மேலே தூக்குவது கடைசியில்தான். சனிக்கிழமை நாங்கள் தொடையோடு நிறுத்தினோம். இப்போதைக்கு எங்களுக்குப் பிடிக்கத் தெரிந்த உயரம் அவ்வளவுதான்.

இவளுக்கு ஏன் இத்தனை பயம் என்று நினைக்கலாம். ஏழாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்கு எங்கள் பள்ளியில் பிரமிடு போட்டார்கள். ஒல்லியாக இருந்த பாவத்துக்கு உச்சியில் நான், கையில் கொடி. ஒரு விசிலுக்கு ஏற வேண்டும், அடுத்த விசிலுக்கு இறங்க வேண்டும். பயிற்சி என்று நடந்தது அதுதான். விழுந்தால் யார் பிடிப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கீழ்வரிசை அக்கா ஒருவருக்கு முட்டி வழுக்கியது. காலர் எலும்பு உடைந்து நான் கிடக்க, பி.டி. மாஸ்டர் ஓடி வந்து முதலில் கொடியைத்தான் எடுத்தார். அது மண்ணில் படக்கூடாதாம்.

"இப்படிப் பயந்துகிட்டே இருந்தா தைரியம் எப்போ வரும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கீழே இருப்பவர்கள் விடமாட்டார்கள் என்று தெரிந்தால் மேலே இருப்பவளுக்குத் தைரியம் தானாக வரும். அந்த நம்பிக்கை இல்லாதவள் குனிந்து தரையைப் பார்ப்பாள், முழங்கால் மடங்கும், எடை முன்னால் சாயும், நாலு பேரும் சேர்ந்து விழுவார்கள். எங்கே விழுவார்கள்? பாஸ்கெட்பால் கோர்ட் சிமெண்டில். இந்தச் சென்னைப் புழுக்கத்தில் விடிந்ததுமே வியர்வையில் கணுக்கால் கைக்கு நிற்பதில்லை. எங்களிடம் இருக்கிற மேட், ஜூடோ டீம் கழித்துப்போட்டது. அமெரிக்கப் பள்ளி விதிகளிலேயே மேட், புல், ரப்பர் தரை தவிர வேறெங்கும் ஃப்ளையரைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற பாஸ்கெட் டாஸுக்கு அனுமதி இல்லை. நமக்கு மட்டும் முதல் மேட்சிலேயே பிரமிடு வேண்டும்.

ஸ்பான்சர் பணம் போட்டிருக்கிறாரே என்கிறீர்கள். நியாயம்தான். அந்தப் பணத்தில் கையில் குலுக்குகிற பாம்-பாம் குஞ்சம் வந்தது, ஜிகினா டிரெஸ் வந்தது. மேட் வரவில்லை.

அப்புறம், பெண்கள் இப்படி ஆடலாமா என்கிற கலாச்சாரக் காவலர்கள். 2008-ல் ஐபிஎல் வந்த காலத்தில் சிக்ஸருக்கு ஆடியவர்களைப் பார்த்த அதே கண்ணோடுதான் எங்கள் பிள்ளைகளையும் பார்க்கிறீர்கள். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஆரம்பித்தது ஓர் ஆண் மாணவர், பெண்கள் உள்ளே வந்ததே 1920களில்தான். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டின் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. சொன்னால் மட்டும் மாறிவிடவா போகிறீர்கள்! விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கினால் வீரம் என்று கைதட்டுவீர்கள், நானும் தட்டுவேன். எங்கள் பெண் தோளில் ஏறினால் மட்டும் அது ஆட்டம் போடுவதா?

உங்களுக்கு இது அரை நிமிட வீடியோ. இந்தப் பெண்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? நகை எதுவும் போடக் கூடாது என்பது விதி. மூக்குத்தியைக் கழற்றவே கூடாது என்று ஒரு பெண்ணின் அம்மா முதலில் என்னோடு சண்டைக்கே வந்தார். இப்போது அவரே தினமும் கேட் பக்கத்தில் நின்று மகளின் மூக்குத்தியைத் திருகிக் கழற்றி, முந்தானை முனையில் முடிந்துகொண்டு, பயிற்சி முடியும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போனுக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. "மிஸ், எம்பொண்ணு நல்லா பண்ணலியா?" என்று கேட்டார். அவள் பேக் ஸ்பாட். அன்றைக்கு ஒரு நொடிகூட ஃப்ளையரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீடியோவில் அவள் முகமே தெரியாது. சிரித்தவர்களில் ஒருவருக்காவது அவள் அங்கே இருந்தது தெரிந்திருக்குமா?

அடுத்த மேட்சிலும் பிரமிடு கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு உயரமான பேக் ஸ்பாட் இன்னொரு ஆள் வேண்டும், நல்ல மேட்டும் வேண்டும். அந்த அண்ணன் இரண்டில் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.