400 வருஷம் காத்திருந்தவன் கதவைத் தட்டினானா?

போன வாரம் ஒரு ராத்திரி. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால், கூடத்துத் தரையில் அண்ணன் மகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். மடியில் போன். பதறிப்போய் "என்னடி ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை. அவன் அவளுக்காக 400 வருஷமாக் காத்திருந்திருக்கான்" என்றாள்.

போனில் ஓடுகிற தமிழ்த் தொடர்கதை அது. நாயகன் ரத்தம் குடிக்கிற இனம். நாயகி கோயம்புத்தூரில் கல்லூரி மாணவி. மொத்தம் 112 அத்தியாயம். அடுத்த நான்கு நாளில் நானும் அதைப் படித்தேன். படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பேய்க்காதல் கதை என்றாலே குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் புத்தகம் ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. பர்மிய நாவல்கள், நாள் கணக்கில் வாடகை. அங்கே எனக்குப் பிடித்த அலமாரி, புதையல் காக்கும் பெண்களின் கதைகள் இருந்த அலமாரிதான். ஓஸாசாங் என்பார்கள் பர்மியர்கள். நீண்ட கூந்தல், அழகு சொல்லி மாளாது, ஆனால் தனக்குச் சொந்தமில்லாத புதையலுக்குக் காவலாகக் கட்டுண்டு கிடப்பவள். கொஞ்ச காலம் மனுஷியாகப் பிறந்து வாழ்ந்துவிட்டு வர அவளுக்குத் தவணை கிடைக்கும். தவணை முடிந்தால் திரும்பிவிட வேண்டும். அழகான பெண் ஒருத்தி சின்ன வயதில் செத்துப்போனால், அவள் ஓஸாசாங்காக இருந்திருப்பாள் என்று இங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்தக் கடைப் புத்தகங்களில் பின் அட்டையின் உள்பக்கம் படித்தவர்கள் பென்சிலில் ஏதாவது எழுதிவைப்பார்கள். நல்ல கதை, அழுதேன், முடிவு சரியில்லை, இப்படி. ஒரு நாவலின் பின்னால் யாரோ எழுதியிருந்தது முப்பது வருஷமாகியும் எனக்கு மறக்கவில்லை. அவள் போகவேண்டிய நாள் வந்தபோது அவன் தடுக்கவில்லை, நல்ல மனுஷன் என்று பர்மிய மொழியில் ஒரே வரி. பேய்க்காதல் கதையை எப்படி எடைபோடுவது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த முகம் தெரியாத வாசகர்தான்.

இப்போது 400 வருஷத்துக்காரனிடம் வருகிறேன். 27-ஆம் அத்தியாயத்தில் அவன் யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பயந்துபோகிறாள். வீட்டுக்குப் போகணும் என்று சொல்கிறாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கிறான், அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் மறந்துபோகிறது. மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் புது ஆளாக வந்து சிரிக்கிறான். இதே வேலையை அந்த நாவலில் மூன்று தடவை செய்கிறான். மூன்று தடவையும் அதை அவனுடைய தியாகமாக எழுதியிருக்கிறார்கள். அவள் பயப்படக்கூடாதே என்று அவனுக்கு அவ்வளவு அக்கறையாம். என் கை நடுங்கியது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது அவளுக்கே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள்.

ரத்தம் குடிப்பவர்களின் பழைய கதைகளில் ஒரு சட்டம் இருந்தது. 1897-ல் வந்த 'டிராகுலா'விலேயே இருக்கிறது: வீட்டில் இருக்கிற ஒருவர் வா என்று அழைக்காமல் அவன் முதல் தடவை உள்ளே காலெடுத்துவைக்க முடியாது. அவன் கொடியவன்தான், ஆனால் வாசற்படி அவனைக் கட்டுப்படுத்தியது. 2005-ல் 'ட்வைலைட்' வந்தபோது நாயகன் அவளுக்குத் தெரியாமலே ராத்திரி அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான், அதைக் காதல் என்று உலகம் முழுக்கப் படித்தார்கள். ஆனாலும் அந்த நாவலுக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். அவனால் எல்லார் மனதையும் படிக்கமுடியும், அவள் மனதை மட்டும் முடியாது. ஒரு கதவையாவது அந்த எழுத்தாளர் சாத்தி வைத்திருக்கிறார். அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவேண்டுமானால் அவன் அவளிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். நம் தொடர்கதைகளில் அந்த ஒரு கதவும் இல்லை. மனதையும் படிக்கிறான், நினைவையும் அழிக்கிறான், சுவரையும் ஊடுருவி வருகிறான்.

ஒருவனுக்குச் சக்தி கூடக்கூட அவன் கேட்டு நிற்கிற நேரமும் கூடவேண்டும். இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சாதாரண மனுஷனை அவள் வேண்டாம் என்றால் கதவைச் சாத்தலாம், கூச்சல் போடலாம், அண்ணனைக் கூப்பிடலாம். நூறு ஆள் பலம் உள்ளவனிடம் அவளுக்கு இருப்பது ஒரு சொல் மட்டும்தான். அந்தச் சொல்லுக்குக் கதையில் எடை இருக்கிறதா இல்லையா?

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அப்பத்தா சொன்ன போப்பா மலைக் கதை. பர்மாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் காதல் கதையாக அதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கடலில் கப்பல் உடைந்து தட்டோன் கரையில் ஒதுங்கிய இந்திய முஸ்லிம் சகோதரர்கள் இரண்டு பேர். அதில் பியத்தா என்பவன் பகானுக்குப் போய் அனவ்ரதா மன்னரிடம் வேலைக்குச் சேர்கிறான். மன்னருக்குப் போப்பா மலையிலிருந்து தினமும் பூக் கொண்டுவரவேண்டும். பகானிலிருந்து மலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பியத்தாவுக்கு மனுஷனை மீறிய வேகம் உண்டு, ஓடியே போய் ஓடியே வருவான். அந்த மலையில் மே வண்ணா என்கிற அரக்கி இருக்கிறாள். பூவை மட்டுமே தின்பவள். அப்பத்தா அவளைப் பூத்தின்னி என்றே சொல்வார். இரண்டு பேருக்கும் காதல். இரண்டு பிள்ளைகள். பிள்ளை பிறந்த சமயம் பூக் கொண்டுவர அவன் தாமதமாகிவிட்டான் என்று மன்னர் அவனைக் கொன்றுவிடுகிறார். பிள்ளைகளையும் அரண்மனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பூத்தின்னி நெஞ்சு வெடித்துச் சாகிறாள். இன்றைக்கு அவள்தான் போப்பா மெடோ, மலையின் தாய்த் தெய்வம். பிள்ளைகளும் பின்னால் மன்னர் கையால் செத்து, நாட் என்று பர்மியர்கள் கும்பிடும் ஆவித் தெய்வங்கள் ஆனார்கள். மண்டலேக்குப் பக்கத்தில் தவுங்பியோன் ஊரில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற பெரிய திருவிழா அந்த இரண்டு பேருக்கும்தான். தகப்பன் முஸ்லிம் என்பதால் பன்றி இறைச்சி அங்கே கொண்டுபோகக் கூடாது.

அவனுக்கும் சக்தி இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. ஒருவர் மீது ஒருவர் அதைப் பிரயோகிக்கவே இல்லை. அவன் வேகம் பூச் சுமக்க. அவள் அரக்கி, நினைத்தால் அவனைத் தின்றுவிடலாம், பூவைத்தான் தின்கிறாள். அத்தனை வேகமுள்ளவனே தாமதமானான் என்றால் அவன் மனசு அங்கே எப்படித் தங்கியிருக்கும்! அதற்கு அவன் கொடுத்த விலை உயிர். மாயம் என்று ஒன்று கதையில் வந்தால் அதற்கு ஒரு விலை இருக்கவேண்டும் என்பேன் நான். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு மூலிகையோ மந்திரமோ வந்து எல்லாவற்றையும் இலவசமாகச் சரிசெய்தால் அத்தனை அத்தியாயம் அழுதது வீண். (ரங்கூன் காளியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். 1871-ல் நம் ஆட்கள் கட்டிய கோயில் இருக்கிற சாலைக்குப் பெயர் அனவ்ரதா சாலை. பூ தாமதமானதற்குக் கொன்றவர் பெயருள்ள தெருவில் நின்று பூ வாங்குகிறோம்.)

400 வருஷம் என்கிறார்களே, அந்த வருஷங்களெல்லாம் கதையில் எங்கே? நாயகனுக்கு விலை உயர்ந்த கார் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது. பஞ்சம் பார்த்த ஞாபகம் இல்லை, போர் பார்த்த ஞாபகம் இல்லை, புதைத்த ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் அப்பத்தா 1942-ல் எட்டு வயதுப் பிள்ளை. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவைப் பார்த்து நடந்தபோது, புரோமிலிருந்து தவுங்கப் மலைப் பாதையில் நடந்தவர். போர் முடிந்து திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு சாகிறவரை அப்பத்தா வாசலில் செருப்பைக் குதிகால் உள்பக்கம் பார்க்கத்தான் கழற்றிவைப்பார், எழுந்தவுடன் மாட்டிக்கொண்டு கிளம்ப வசதியாக. ஒரே ஒரு நடை ஒரு மனுஷியின் செருப்பை இத்தனை வருஷம் திருப்பி வைத்தது. 400 வருஷம் வாழ்ந்தவனிடம் அப்படி ஒரு பழக்கம்கூட இல்லையென்றால் அவன் 28 வயதுப் பணக்காரப் பையன்தான், பல்லை மட்டும் கூராக்கி விட்டிருக்கிறார்கள்.

நம் தமிழ்க் கதைகளுக்கே உரிய ஒரு வியாதியும் உண்டு. பூர்வஜென்ம பந்தம். போன பிறவியில் அவள் அவனுடைய மனைவி, அதனால் இந்தப் பிறவியில் கேட்கவே வேண்டியதில்லை. பத்திரம் பதிவான நிலம் மாதிரி. மறுபிறவி நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, நானும் நம்புகிறவள்தான். ஆனால் போன பிறவியின் சம்மதம் இந்தப் பிறவிப் பெண்ணின் சம்மதம் ஆகுமா? அவளுக்கு இப்போது வேறு அம்மா, வேறு படிப்பு, வேறு பயம்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். மாம்பழம் எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்தபின் பரமதத்தன் அவரைக் கண்டு பயந்து கப்பலேறிப் போய்விடுகிறான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைக்கிறான். இவர் தேடிப் போனால் மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான். அப்போது அம்மையார் இறைவனிடம் கேட்பது என்ன? இவனுக்காகத்தான் இந்த அழகைச் சுமந்தேன், இதை எடுத்துக்கொள், பேய் வடிவம் கொடு என்கிறார். கப்பலேறிப் போனவனுக்கு அக்கரையில் இன்னொரு குடும்பம் என்பது பர்மாத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய கதை இல்லை. அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். பேயாவது அங்கே அவராகக் கேட்டு வாங்கியது. இன்றைய நாவல்களில் நாயகி கடைசியில் ரத்தம் குடிப்பவளாக மாறும்போது நான் இதைத்தான் தேடுகிறேன். அவளாகக் கேட்டாளா, அல்லது சாகக் கிடந்தவளை அவன் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டானா?

எல்லாக் கதையும் நல்ல பிள்ளைகளைப் பற்றியே இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே நாட் கடோ இருக்கிறார்கள், நாட் தெய்வத்துக்கு மனைவியாகச் சடங்கு செய்துகொண்டவர்கள். தெய்வம் ஆசைப்பட்டுவிட்டால் தப்பமுடியாது என்பது நம்பிக்கை. மறுத்தால் நோய் வரும், தொழில் கெடும் என்பார்கள். ஆனால் அதைச் சொல்கிற யாரும் அதைச் சர்க்கரைப் பாகில் தோய்த்துச் சொல்வதில்லை. பயத்தைப் பயமாகவே சொல்கிறார்கள். நாவலும் அப்படிச் செய்யட்டும். பிடித்து வைப்பவனைப் பிடித்து வைப்பவனாகவே காட்டட்டும், நான் விடிய விடியப் படிக்கிறேன்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். "அத்தை, கதைங்கிறதாலதான் படிக்கிறேன். நிஜத்துல ஒருத்தன் இப்படி வந்தா நான் விடுவேனா?" என்றாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தன்னை ஒருவன் இவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறான் என்கிற சுகத்துக்காகத்தான் பதினேழு வயதில் நானும் அந்த அலமாரிக்கு ஓடினேன். அந்தச் சுகத்தை நான் மட்டமாக நினைக்கவே இல்லை.

பிறகு போனை எடுத்து 84-ஆம் அத்தியாயத்தைக் காட்டினாள். கோபத்தில் நான் தாண்டிப் போயிருந்த அத்தியாயம். அதில் நாயகி அவனைப் போகச் சொல்கிறாள். அவன் போய்விடுகிறான். பத்து அத்தியாயத்துக்கு அவன் வருவதே இல்லை. அவளாகத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அன்று ராத்திரி அண்ணன் மகள் அழுதது அந்த இடத்துக்காகத்தானாம், 400 வருஷம் காத்திருந்தவன் இன்னும் காத்திருக்கத் தயாராகப் போனானே என்று. நான் திரும்பவும் 70-லிருந்து படித்தேன். அந்த மூன்று நினைவை அழித்ததை அவன் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை, அதை என்னால் மன்னிக்கமுடியவில்லை. ஆனால் 84-ஐப் படிக்காமல் நான் தீர்ப்புச் சொன்னது தப்பு. எழுதிய பெண்ணுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படிப்பது என்று முடிவு. அவள் போனில் இருப்பதை நான் படிக்கவேண்டும், நான் சொல்லும் பழைய கதைகளை அவள் படிக்கவேண்டும். எங்கள் தெருக் கடை மூடி எத்தனையோ வருஷமாகிறது. பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் யாரிடமாவது அந்தக் கால ஓஸாசாங் நாவல்கள் கிடந்தால் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். முன் அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. பின் அட்டை இருக்கவேண்டும்.